இடமும் காலமும்: வரலாற்றையும் புவியியலையும் ஒரே மேசையில் படிப்பது

பத்தாம் வகுப்புக்கு வந்ததும் எல்லாப் பாடத்துக்கும் ஒரு நேரம் ஒதுக்கிவிடுகிறோம். கணக்குக்கு டியூஷன், அறிவியலுக்கு ரெக்கார்டு நோட்டு, ஆங்கிலத்துக்கு இலக்கணப் பயிற்சி. சமூக அறிவியலுக்கு மட்டும் "கடைசி வாரம் பார்த்துக்கலாம்". அந்தக் கடைசி வாரம் வரும்போது முதல் உலகப்போர், கரிசல் மண், வேலூர்ப் புரட்சி, வடகிழக்குப் பருவக்காற்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். கைடைப் பிரித்து, புக் பேக் வினாக்களை மட்டும் உருப்போட்டு, எப்படியோ கரை சேர்ந்துவிடலாம். பலர் சேரவும் செய்கிறார்கள். ஆனால் ஜூன் மாதத்தில் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. பதினொன்றாம் வகுப்பில் வரலாறோ புவியியலோ எடுத்தவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். டி.என்.பி.எஸ்.சி. எழுத உட்காரும்போது மறுபடியும் அதே ஆறாம் வகுப்புப் புத்தகங்களைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

வரலாறு வேறு, புவியியல் வேறு என்று புத்தகம்தான் பிரிக்கிறது. நடந்த எதுவும் ஓர் இடத்தில் நடந்தது. இருக்கும் எந்த இடத்துக்கும் ஒரு காலம் உண்டு. ஒரு பாடத்தைப் படிக்கும்போது மற்றதைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டால் மனப்பாடச் சுமை பெருமளவு குறையும். அதைச் செய்வது எப்படி என்று இந்த அத்தியாயத்தில் பார்ப்போம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் 9, 10ஆம் வகுப்புகளை ஒட்டியவை. சி.பி.எஸ்.இ. மாணவர்களுக்கும் முறை இதேதான்.

மேசையில் என்ன இருக்க வேண்டும்

பாடப்புத்தகம், ஒரு நல்ல அட்லஸ், ஒரு கட்டு அவுட்லைன் மேப், கோடு போடாத ஒரு நோட்டு, பென்சில், ரப்பர். இவை போதும்.

கைடு வேண்டாமா? வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பாடத்தைப் படித்து முடித்த பிறகு எடுங்கள். கைடில் பதில் இருக்கும், பதிலுக்கு முன்னும் பின்னும் இருக்கும் கதை இருக்காது. "காரணங்களை எழுதுக" என்றால் ஐந்து வரி கிடைக்கும். அந்த ஐந்தில் எது முதலில் வந்தது, எதனால் எது விளைந்தது என்பது பாடப்புத்தகத்தின் பத்திகளில்தான் இருக்கிறது. ஐந்து வரியை உருப்போட்டவருக்கு மூன்றாவது வரி மறந்தால் நான்காவதும் வராது. கதையாகப் படித்தவர் மூன்றாவதைத் தாண்டி நான்காவதுக்குப் போய்விடலாம்.

அட்லஸ் வாங்கும்போது கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். ஊர்ப்பெயர் அகரவரிசைப் பட்டியல் இருக்கிறதா? ஒவ்வொரு பெயருக்கும் அட்சமும் தீர்க்கமும் கொடுத்திருக்கிறார்களா? அந்தப் பட்டியல் இல்லாத அட்லஸ் பாதி அட்லஸ்தான். பாடத்தில் புதிதாக ஓர் ஊர்ப்பெயர் வந்தால் அந்தப் பட்டியலில் தேடி, வரைபடத்தில் விரலை வைத்த பிறகே அடுத்த வரிக்குப் போவது என்று பழக்கிக்கொள்ளுங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். ஒரு மாதத்தில் விரலே ஊரைக் கண்டுபிடித்துவிடும்.

வரைபடம் கைக்கு வரவேண்டும்

வரைபடத்தைப் பார்த்துக் கற்பதைவிட வரைந்து கற்பது வேகமானது. அழகாக வரையத் தேவையில்லை. தமிழ்நாட்டின் எல்லைக்கோட்டைக் கோணலாகப் போட்டாலும் பரவாயில்லை. உள்ளே போடும் வரிசை முக்கியம். முதலில் மலைகள், பிறகு ஆறுகள், கடைசியாக ஊர்கள். மலையிலிருந்துதான் ஆறு புறப்படுகிறது, ஆற்றங்கரையிலும் கணவாயிலும் கடற்கரையிலும்தான் ஊர் வளர்கிறது. இந்த வரிசையில் போட்டால் ஒவ்வொன்றும் அடுத்ததை இழுத்துக்கொண்டு வரும்.

மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையை ஒரு நீளக் கோடாகப் போடுங்கள். வடக்கிலிருந்து துண்டு துண்டாக இறங்கும் கிழக்குத் தொடர்ச்சி மலையைப் போடுங்கள். இரண்டும் சேருமிடம் நீலகிரி. அங்கே 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவைக் குறியுங்கள். நீலகிரிக்குத் தெற்கே கோட்டில் ஒரு சிறு இடைவெளி விடுங்கள். அது பாலக்காட்டுக் கணவாய். பிறகு ஆறுகளை வடக்கிலிருந்து தெற்காக இறக்குங்கள்: பாலாறு, தென்பெண்ணை, காவிரி, வைகை, தாமிரபரணி. பாலாறும் தென்பெண்ணையும் காவிரியும் கர்நாடகத்தில் பிறப்பவை. வைகை வருசநாட்டு மலையிலும் தாமிரபரணி பொதிகையிலும் பிறக்கின்றன. இப்போது ஊர்களை வையுங்கள். கோயம்புத்தூர் ஏன் அங்கே இருக்கிறது? பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கிறது. கேரளக் கரைக்கும் கொங்கு நாட்டுக்கும் நடுவே மலையேறாமல் போகும் வழி அதுதான். வணிகரும் படையும் போன வழியிலேயே பின்னாளில் ரயிலும் போயிற்று.

காற்றும் அந்த வழியில்தான் நுழைகிறது. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று அங்கே நெருக்கப்பட்டு வேகமெடுப்பதால்தான் முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் அத்தனை நெருக்கமாக நிற்கின்றன. 1809 பிப்ரவரியில் வேலுத்தம்பி தளவாயின் திருவிதாங்கூர்ப் படை கும்பெனிப் படையைத் தடுக்க அரண் அமைத்து நின்றதும் அதே இடத்தில்தான். காற்றாலை புவியியல் பாடத்தில் வரும், வேலுத்தம்பி வரலாற்றில் வருவார். வரைபடத்தில் இருவருக்கும் ஒரே புள்ளி.

அட்ச, தீர்க்க எண்களை வெறும் எண்களாக உருப்போடாதீர்கள். இந்தியப் பெருநிலப்பரப்பு 8°4' வடக்கிலிருந்து 37°6' வடக்கு வரை, 68°7' கிழக்கிலிருந்து 97°25' கிழக்கு வரை. கிழக்கு மேற்கு வித்தியாசம் 29°18'. பூமி ஒரு டிகிரி திரும்ப நான்கு நிமிடம் ஆகும். பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 117 நிமிடம். அருணாசலப் பிரதேசத்தில் சூரியன் உதித்துக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கழித்துத்தான் குஜராத்தின் மேற்கு முனையில் உதிக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம் வேண்டுமென்பதால் நடுவில் செல்லும் 82°30' கிழக்குத் தீர்க்கத்தை எடுத்துக்கொண்டார்கள். அது மிர்சாபூர் வழியாகப் போகிறது. ஒருமுறை இந்தக் கணக்கைக் கையால் போட்டவருக்கு 82°30' மறக்காது.

நிலத்தோற்ற வரைபடம், அதாவது 'டோப்போ ஷீட்' என்று ஆசிரியர்கள் சொல்வது, பல பள்ளிகளில் பெயரளவில் மட்டும் நடத்தப்படுகிறது. அது வருத்தத்துக்குரியது. 1:50,000 அளவையில் இரண்டு சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். சம உயரக்கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சரிவு மெதுவானது. இதைத் தெரிந்துகொண்டு உங்கள் ஊர் இருக்கும் தாளை ஒருமுறை பார்த்துவிட்டால் குளம், கோயில், வண்டிப்பாதை எல்லாம் குறியீடுகளாக எப்படி மாறுகின்றன என்பது புரிந்துவிடும். தாள் கிடைக்காவிட்டால் இஸ்ரோவின் 'புவன்' தளத்திலோ கூகுள் எர்த்திலோ செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். இந்தியாவை முறையாக அளந்து வரையும் பெருவேலை தொடங்கியதே சென்னையில்தான். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே நகர்ந்த அளவை இமயம் வரை போய், 1856-இல் எவரெஸ்ட்டின் உயரத்தை உலகுக்குச் சொன்னது. சென்னை மாணவர்கள் மின்சார ரயிலில் தாண்டிப் போகும் மலைதான் அந்தப் பரங்கிமலை.

ஒரு சங்கிலி: காவிரி

புவியியலில் "ஏன்" என்று கேட்டுக்கொண்டே போனால் பாடங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். காவிரியை எடுத்துக்கொள்வோம். பருவக்காற்று ஒரு பாடம், ஆறுகள் ஒரு பாடம், மண் ஒரு பாடம், வேளாண்மை ஒரு பாடம், சோழர் ஒன்பதாம் வகுப்பிலோ அதற்கு முன்னரோ படித்த வரலாறு. ஐந்தும் ஒரே ஆற்றில் இருக்கின்றன.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மேலே ஏறும் காற்று குளிர்ந்து கேரளத்திலும் குடகிலும் மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அது உலர்ந்த காற்று. அதனால் தமிழ்நாட்டின் பெரும்பகுதி அந்த மாதங்களில் மழை மறைவுப் பிரதேசம். சரி, அப்படியானால் ஜூன், ஜூலையில் தஞ்சாவூரில் குறுவை நடுவது எப்படி? தஞ்சையில் மழை பெய்யத் தேவையில்லை. குடகில் பெய்தால் போதும். தலைக்காவிரியில் புறப்பட்டு ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடும் ஆறு அந்த மழையைக் கிழக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணை அதைத் தேக்கி வைக்கிறது. நீர் போதுமானதாக இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12 அன்று அணையைத் திறப்பது மரபு. அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அக்டோபரில் ஆசிய நிலப்பரப்பு குளிரத் தொடங்குகிறது. காற்று திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வரும் காற்று வங்கக்கடலைக் கடக்கும்போது ஈரம் பெற்றுச் சோழமண்டலக் கரையில் மழையாக இறங்குகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்தப் பருவத்தில்தான் கிடைக்கிறது. புயல்களும் இப்போதுதான் வருகின்றன. சம்பா வளர்ந்து பொங்கல் நேரத்தில் அறுவடைக்கு வருகிறது. ஆக, ஒரு டெல்டா இரண்டு பருவக்காற்றுகளிலும் வாழ்கிறது: ஒன்றை ஆற்றின் வழியாகவும் மற்றதை நேரடியாக வானத்திலிருந்தும் பெறுகிறது. தாமிரபரணி வற்றாத ஆறாக இருப்பதும் இதனால்தான். அதன் பிறப்பிடத்துக்கு இரண்டு பருவங்களிலும் மழை உண்டு.

இப்போது வரலாற்றுக்கு வாருங்கள். இரண்டு போகம் விளையும் வண்டல் மண், அதை ஆற்றிலிருந்து பிரித்துவிடும் கல்லணை போன்ற கட்டுமானம், விளைந்த நெல்லில் பெற்ற வரி. சோழர் தலைநகரம் உறையூரிலும் தஞ்சையிலும் பழையாறையிலும் இருந்ததற்கும், 1010-இல் முடிந்த பெரிய கோயிலுக்கு வேண்டிய செல்வம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் வரைபடமே பாதி விடை சொல்லிவிடும். அதே கண்ணோடு பஞ்சாலங்குறிச்சியையும் காளையார்கோவிலையும் பாருங்கள். பாளையங்கள் அங்கே டெல்டா இல்லாத வறண்ட நிலத்திலும் காட்டோரத்திலும் இருந்தன. 1801-இல் மருது சகோதரர்கள் அவ்வளவு நாள் தாக்குப்பிடித்ததில் காளையார்கோவில் காட்டுக்கும் பங்குண்டு.

ஒரு நாள்: வேலூர், 1806

வரலாற்றை எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரே நாளில் நடந்து முடிந்த நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வது நல்லது. வேலூர்ப் புரட்சி, 1806 ஜூலை 10.

பெரும்பாலான மாணவர்களின் விடையில் இது "தலைப்பாகை காரணமாக நடந்தது" என்று முடிந்துவிடும். தலைப்பாகை பொறிதான். தொப்பி போன்ற புதிய தலைப்பாகை, அதில் தோல் சின்னம், பணியில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. ஆனால் பொறி மட்டும் பற்றிக்கொள்ளாது. அதற்கு முன் என்ன இருந்தது? 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தார். அவருடைய குடும்பம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் மருது சகோதரர்கள். தோற்ற அரசுகளின் ஆட்களுக்கு நிலமும் வேலையும் போயின. இவ்வளவு கோபத்துக்கும் நடுவில் திப்புவின் பிள்ளைகள் இருக்கும் கோட்டைக்குள்ளேயே அந்த உத்தரவும் வந்து சேர்ந்தது.

நோட்டில் மூன்று வரிசை போடுங்கள்: நெடுங்காலக் காரணம், அண்மைக் காரணம், பொறி. எந்தப் போராட்டத்துக்கும் இந்த மூன்றையும் பிரித்து எழுதினால் ஐந்து மதிப்பெண் விடை தானாக வந்துவிடும். அடுத்து விளைவு. சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் படைத் தலைவர் ஜான் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இனி அட்லஸைத் திறங்கள். விடியற்காலையில் கோட்டையைப் பிடித்துத் திப்புவின் கொடியை ஏற்றியவர்கள் அன்றைக்கே தோற்றது எப்படி? ஆற்காடு சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கே கில்லஸ்பியின் குதிரைப்படை இருந்தது. தந்தி இல்லாத காலம்தான். ஆனால் ஒரு ஆள் குதிரையில் போய்ச் சொல்லவும் படை குதிரையிலேயே வந்து சேரவும் ஒரு காலைப்பொழுது போதும். அந்தத் தூரம் ஐந்து மடங்காக இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

இதை 1857-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். மே 10 அன்று மீரட்டில் எழுந்த சிப்பாய்கள் இரவோடிரவாகப் புறப்பட்டு மறுநாள் காலை டெல்லியில் இருந்தார்கள். தூரம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். மீரட்டில் பெரிய ஐரோப்பியப் படை இருந்தும் அது துரத்திப் போகவில்லை. டெல்லியில் ஐரோப்பியப் படைப்பிரிவே இல்லை. போன இடத்தில் பகதூர் ஷா என்ற பேரரசர் இருந்தார். வேலூரிலும் ஓர் அரச குடும்பம் இருந்தது, ஆனால் ஆற்காடு பக்கத்தில் இருந்தது. ஒப்பிடுக என்று வினா வந்தால் இந்த இரண்டு தூரங்களையும் எழுதும் மாணவரின் விடைத்தாளில் திருத்துபவரின் பேனா ஒரு நொடி நிற்கும்.

உலகப் போர்ப் பாடங்களும் இப்படித்தான். 1914 ஜூன் 28 அன்று சாராயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்டார். ஆஸ்திரியா செர்பியாமீது போர் அறிவித்தது ஜூலை 28. ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனி ரஷ்யாமீது, 3 அன்று பிரான்ஸ்மீது, 4 அன்று பிரிட்டன் ஜெர்மனிமீது. ஒரு மாதம் மெதுவாக நகர்ந்தது ஒரே வாரத்தில் கண்டம் முழுவதும் பற்றிக்கொண்டதற்குக் கூட்டணிகள் காரணம். ரஷ்யாவோடு சண்டை என்றால் ஜெர்மனி ஏன் மேற்கே பெல்ஜியத்துக்குள் போனது? ஐரோப்பிய வரைபடத்தில் ஜெர்மனி இரண்டு எதிரிகளுக்கு நடுவே இருப்பதையும், பிரான்ஸுக்குள் நுழைய பெல்ஜியத்தின் சமவெளி எவ்வளவு வசதி என்பதையும் பாருங்கள். செப்டம்பர் 22 அன்று அந்தப் போர் சென்னைத் துறைமுகத்துக்கே வந்துவிட்டது. ஜெர்மனியின் எம்டன் கப்பல் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது.

ஆண்டுகள்

ஆண்டுகளை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். அதில் தப்ப வழியில்லை. ஆனால் எல்லாவற்றையும் அல்ல. மேய்ச்சல் மாட்டுக்கு முளையடிப்பது போலச் சில ஆண்டுகளை ஆழமாக அடித்துக்கொள்ளுங்கள்: 1757, 1806, 1857, 1885, 1905, 1919, 1930, 1942, 1947. மற்றவை இவற்றைச் சுற்றித்தான் வரும். சுதேசி நாவாய்ச் சங்கம் 1905-க்கு அடுத்த ஆண்டு. சௌரி சௌரா 1919-க்கு மூன்று ஆண்டு கழித்து.

ஒரே ஆண்டில் வெவ்வேறு பாடங்களில் வருவதைச் சேர்த்து எழுதுவது இன்னொரு வழி. 1916: லக்னோ ஒப்பந்தம், சென்னையில் நீதிக்கட்சியாகப் பின்னர் அறியப்பட்ட தென்னிந்திய நல உரிமைச் சங்கம். 1917: ரஷ்யப் புரட்சி, சம்பாரன். 1919: ரௌலட் சட்டம், ஜாலியன்வாலா பாக், வெர்சேல்ஸ் உடன்படிக்கை. 1929: அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை விழுந்தது, டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் முழு விடுதலையே இலக்கு என்றது. இவை புத்தகத்தில் வேறு வேறு பாடங்கள். வாழ்ந்தவர்களுக்கு ஒரே செய்தித்தாள்.

காலக்கோடு வரையச் சொன்னால் அளவை வேண்டும். பத்து ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் கோடு, ஓர் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். 1920 முதல் 1930 வரை என்றால் ஒத்துழையாமை 1920, சௌரி சௌரா 1922, சுயராஜ்யக் கட்சி 1923, சைமன் குழு நியமனம் 1927, லாகூர் 1929, தண்டி 1930. கோட்டில் 1923-க்கும் 1927-க்கும் நடுவே இடம் காலியாகத் தெரியும். போராட்டம் ஓய்ந்திருந்த காலம் அது; தமிழ்நாட்டில் அந்த இடைவெளியில்தான், 1925-இல், சுயமரியாதை இயக்கம் பிறந்தது. நிகழ்ச்சிகளை வெறும் பட்டியலாக எழுதியிருந்தால் இந்த இடைவெளி கண்ணில் பட்டிருக்காது.

1930-க்கு வந்தால் ஒரு பயிற்சி. ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியில் புறப்பட்ட தொண்டர்கள் ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தார்கள். அவர்கள் தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகப் போன பாதையை அவுட்லைன் மேப்பில் வரையுங்கள். சென்னைக் கடற்கரையில் உப்பெடுக்காமல் வேதாரண்யத்துக்கு ஏன் போனார்கள்? நடந்து போகிறவர்களுக்கு வழியில் சோறு யார் போடுவார்கள்? சோறும் இடமும் தரக்கூடாது என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் உத்தரவிட்டது ஏன்? விடை மேப்பிலேயே இருக்கிறது. மேலே காவிரி பற்றிச் சொன்னதையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

உங்கள் ஊரும் ஒரு சான்று

உள்ளூர்க் கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கலாம். ஏரி மதகில் கட்டிய ஆண்டு பொறித்திருக்கலாம். ரயில் நிலையத்தின் பலகையில் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவற்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள். கல்வெட்டைப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. எந்த அரசன் காலம் என்று யாராவது எழுதி வைத்த பலகை இருக்கும். அதையும் அப்படியே நம்பாமல் புத்தகத்தில் சரிபாருங்கள்.

வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் கேளுங்கள். "பெரிய புயல் அடிச்ச வருஷம்தான் உங்கப்பா பொறந்தாரு" என்பார்கள். இராமநாதபுரம் பக்கம் என்றால் அது 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலாக இருக்கலாம். அப்பாவின் பிறந்த தேதியோடு பொருந்துகிறதா? பொருந்தாவிட்டால் வேறு எந்தப் புயல்? ஒரு நினைவை இன்னொரு சான்றோடு வைத்துச் சோதிப்பதுதான் வரலாற்றாசிரியர்கள் செய்யும் வேலை. யார் சொன்னது, எப்போது சொன்னது, யாருக்குச் சொன்னது என்ற மூன்று கேள்விகளும் பாட்டியின் பேச்சுக்கும் பொருந்தும், கும்பெனி அதிகாரியின் அறிக்கைக்கும் பொருந்தும்.

தேர்வு நெருங்கும்போது

வினாத்தாள் அமைப்பு மாறக்கூடியது. அந்த ஆண்டுக்கு அரசுத் தேர்வுத் துறை வெளியிடும் மாதிரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் எழுதிய ஆண்டின் ப்ளூ பிரிண்ட்டை நம்பாதீர்கள்.

படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதால் நினைவு வளராது. புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள். எழுத வராத இடம்தான் அடுத்து படிக்க வேண்டிய இடம். இதை அன்றைக்கு ஒருமுறை, நாலைந்து நாள் விட்டு ஒருமுறை, மூன்று வாரம் விட்டு ஒருமுறை செய்தால் போதும்.

வரைபட வினாவில் மதிப்பெண் போவது தெரியாததால் அல்ல, கவனக்குறைவால். ஆறு என்றால் பிறப்பிடத்திலிருந்து கடல்வரை கோடு. நடுவில் ஒரு புள்ளி வைத்தால் போதாது. கரிசல் மண் என்றால் ஒரு பரப்பை நிரப்ப வேண்டும். மலைத்தொடருக்கு முகடு போன்ற குறி. துறைமுகம் கரைக்கோட்டின்மீதே இருக்க வேண்டும், கடலுக்குள் அல்ல. பாக் நீரிணை இராமேசுவரத்துக்கு வடக்கே, மன்னார் வளைகுடா தெற்கே. இதைத் தலைகீழாகப் போடுபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. உலக வரைபடத்தில் பேர்ல் ஹார்பரை ஜப்பானில் குறிப்பவர்களும் உண்டு. அது பசிபிக் நடுவே ஹவாய்த் தீவில் இருக்கிறது. 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் தாக்கிய இடம் எப்படி ஜப்பானிலேயே இருக்கும் என்று ஒரு நொடி யோசித்தால் போதும்.

நீள விடைகளை முதலில் எழுதிவிட்டு மேப்பைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளாதீர்கள். கை ஓய்ந்திருக்கும், மணியடிக்கும் பதற்றமும் இருக்கும். ஒரு மதிப்பெண் வினாக்களை முடித்ததும் மேப்பை எடுங்கள். கூர்மையாகச் சீவிய பென்சில் இரண்டு கொண்டுபோங்கள்.